சொன்னவர் பெயர்

அக்காவிடம் "அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க" என்றால் போட மாட்டார். எந்த ஃபேன் என்று கேட்பார். எங்கள் அறையில் இருந்ததே ஒரே ஒரு ஃபேன். அது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். நான் எழுந்து போய் நானே போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு தடவையாவது அவரை எதிர்க்கேள்வி கேட்காமல் போட வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்த வீம்போடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இராயபுரத்தில் கப்பல் கயிறும் சங்கிலியும் விற்கிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கண்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதித் தருவது தொழில். லாரி கேட்டுக்கு வந்ததும் அதிலிருக்கும் கண்டெய்னர் பெட்டியின் நம்பரைக் கேமரா படிக்கும், எடைமேடை எடையைச் சொல்லும், கேட் பாஸ் அச்சாகும், எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று டிரைவருக்கு எஸ்.எம்.எஸ். போகும். ஒவ்வொன்றும் தனித்தனியான சின்ன நிரல். இந்தச் சின்ன நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு ஒரு ஃபிரேம்வொர்க் வைத்திருந்தோம். யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் கூடி எழுதுவது.

அதற்கு நானும் ஒரு ப்ளகின் எழுதிக் கொடுத்திருந்தேன். நெட் போய்விட்டால் தகவல்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, நெட் திரும்பியதும் வரிசை மாறாமல் அனுப்பிவிடுகிற ஒட்டு நிரல். எண்ணூர் ரோட்டில் நெட் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் இப்படி ஒன்று தோன்றும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அக்கா எங்கள் ஆபீஸில் போன் எடுக்கிறவர். யார்டில் ஏதாவது நின்றுபோனால் கேட் கிளார்க்குகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட ஆறேழு வயது பெரியவர், காசிமேட்டில் வீடு. எங்களிடம் வருவதற்கு முன்னால் பல வருஷம் ஒரு யார்டில் பெட்டி நம்பர் எடுக்கிற வேலையில் இருந்தார். கேமரா வந்ததும் அந்த வேலை போயிற்று. அந்தக் கேமராவுக்கு மென்பொருள் எழுதியவர்கள் நாங்கள்தான். வேலை கேட்டு வந்த அன்று முதலாளியிடம் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தாராம். உங்கள் கேமரா எங்கே தப்பாகப் படிக்கும் என்று எனக்குத் தெரியும், அது படிப்பதற்கு முன்னால் நான் படித்தவள் என்று. முதலாளி அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மறந்துபோய் இல்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அவர் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை. மறுமுனையில் கேட் கிளார்க் அலறுவான், அவனுக்குப் பின்னால் வரிசையாக லாரி ஹாரன். நானாக இருந்தால் "ரீஸ்டார்ட் பண்ணுப்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அக்கா நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து முன்னால் வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியைப் படிப்பார். அவன் "பண்ணிட்டேன்க்கா" என்பான். "இன்னா பண்ணே, சொல்லு" என்பார். செய்ததை அவன் திருப்பிச் சொல்லும்வரை இரண்டாவது வரிக்குப் போகமாட்டார். தாளில் இல்லாத ஒன்றை அவன் கேட்டுவிட்டால், "அது எய்தல நைனா, இரு" என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் எழுந்து போய் அந்த வரியைத் தாளில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. எழுதியதைப் படித்துத்தான் அவனுக்குச் சொல்வார்.

இது யார்டிலிருந்து கூடவே வந்த பழக்கம். அங்கே நம்பர் எடுக்க இரண்டு பேராகப் போவார்களாம். ஒருவர் பெட்டியைப் பார்த்து நம்பரைக் கூவுவார், இன்னொருவர் எழுதுவார். கூவுகிறவர் பேனாவைத் தொடக் கூடாது. எழுதுகிறவர் பெட்டியை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. எழுதியவர் எழுதியதைத் திருப்பிக் கூவ வேண்டும், முதல் ஆள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே தலையாட்ட வேண்டும். நாலு எழுத்து, ஏழு இலக்கம். ஒரே ஆள் பார்த்து எழுதினால் முன்னால் பார்த்த பெட்டியின் இலக்கம் கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கண் பார்க்காததைக் கை எழுதிவிடும் என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதை டீ சொல்வதிலிருந்து ஜன்னல் சாத்துவது வரை எல்லாவற்றிலும் கொண்டுவந்து நீட்டியபோதுதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது.

ஒரு மழை நாள். நான் வந்த ரயில் திருவொற்றியூர் தாண்டமாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆபீஸில் கரண்ட் போய், எல்லா மெஷினும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில், "கரண்ட் போனால் நீலப் பெட்டியின் ஸ்விட்சை அணைக்கவும்" என்று நான் எப்போதோ எழுதி ஒட்டியிருந்தேன். தேவையில்லாத மெஷின்கள் அணைந்து, மெயின் சர்வருக்கு மட்டும் பேட்டரி போக வேண்டும் என்பதற்காக. அந்த நீலப் பெட்டி கெட்டுப்போய், அதே இடத்தில் பச்சைப் பெட்டி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்கா போன் செய்து கேட்டார். பச்சையை அணையுங்கள் என்றேன். தாளில் நீலம் என்று இருக்கிறதே என்றார். அதை எழுதினவனே நான்தான், நானே சொல்கிறேன், அணையுங்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"இங்க பச்ச கீது. தாள்ல நீலம்னு எய்தி கீது. நீ ரெண்டையும் பாக்காம ரயில்ல குந்திகினு கத்தறே. வந்து எய்து நைனா" என்று வைத்துவிட்டார்.

வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை, எனக்கு நெட் இல்லை. நெட் போனால் தகவலைப் பிடித்து வைத்து அனுப்புகிற நிரலை எழுதியவன் நான். பேட்டரி தீர்ந்து, சர்வர் படுத்து, யார்டு கேட் நின்றது. டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை கட்டின. முதலாளி என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அன்றைக்கு அக்கா செய்தது சரியாகிப்போயிற்று என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பச்சைப் பெட்டியை அணைத்திருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும். மறுநாள் அதை அவரிடமே சொன்னேன். பச்சை என்று எழுதியிருந்தால் அணைத்திருப்பேனே என்றார், முகத்தில் ஒரு துளி வருத்தமில்லாமல். நான் பேனாவை எடுத்து நீலத்தை அடித்துவிட்டுப் பச்சை என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தேதி போடச் சொன்னார். போட்டேன். வேறு என்ன செய்ய.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஃபிரேம்வொர்க்கைப் பராமரிக்கிறவர்களிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. என் ப்ளகினை நிறையப் பேர் எடுக்கிறார்கள், எடுக்கிறவர்களில் பலரால் ஓட்ட முடியவில்லை, விளக்கப் பக்கம் சரியில்லை, மூன்று மாதத்தில் திருத்தாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, படிக்கத் துப்பில்லாதவர்கள் என்று முதலாளியிடம் குதித்தேன். அவர் நான் குதித்து முடிக்கிறவரை பொறுத்திருந்து, அந்தம்மாவோடு உட்கார்ந்து எழுது என்றார். நீ எழுதிய தாளை வைத்துக்கொண்டு தினமும் ஏச்சு வாங்குகிறவர் அவர்தான் என்றார்.

முதல் நாளே அக்கா நிபந்தனை போட்டார். ஒன்றுமே ஏற்றாத புது லேப்டாப் வேண்டும். அந்த இங்கிலீஷ் பக்கத்தை அவர் வாய்விட்டுப் படிப்பார். நான் பக்கத்தைப் பார்க்கக் கூடாது, காதில் விழுந்ததை மட்டும் செய்ய வேண்டும். அவர் கீபோர்டைத் தொடமாட்டார். ப்ளகினை எழுதியது நான், பக்கத்தை எழுதியதும் நான், அதை நானே கண்ணை மூடிக்கொண்டு பிறர் வாய் வழியாகக் கேட்டுச் செய்ய வேண்டுமாம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

முதல் வரியைப் படித்தார், செய்தேன். இரண்டாவதைப் படித்தார், செய்தேன். மூன்றாவது வரி, சேவையைத் தொடங்கவும். தொடங்கினேன். சிவப்பு எழுத்தில் பிழை வந்து விழுந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் சிவப்பு. ஓ, அதுவா என்று என் கை தானாகப் போய் ஒரு ஃபோல்டரை உண்டாக்க ஆரம்பித்தது.

"இன்னா பண்றே?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. இங்க 'சும்மா'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும். அது இல்ல, அதான்."

"எய்தி கீதா?"

எழுதவில்லை. ப்ளகினை ஆரம்பித்த முதல் நாள், பிடித்து வைக்கிற தகவல்களைப் போட ஓர் இடம் வேண்டுமே என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, வாயில் வந்த பெயரை வைத்திருந்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்தே போனேன். எங்கள் ஆபீஸ் மெஷின்கள் எல்லாம் என் மெஷினைப் பார்த்து நகல் எடுத்தவை. அதனால் எல்லாவற்றிலும் 'சும்மா' இருந்தது, எல்லாவற்றிலும் ப்ளகின் ஓடியது. வெளியே உலகத்தில் ஒருவரிடமும் அது இல்லை. அன்று மத்தியானமே தேடிப் பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் ஒரு கேள்வி பதில் தளத்தில் எழுதியிருந்தார், 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள், ஏனென்று எனக்கும் தெரியாது, ஆனால் வேலை செய்கிறது என்று. கீழே வரிசையாக நன்றி. இரண்டு வருஷமாக யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து, அர்த்தம் தெரியாத என் தமிழ்ச் சொல்லைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்காவிடம் காட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை, நாலாவது வரி படிக்கவா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேட்பார். இதை யார் பண்ண வேண்டும், எங்கே நின்று பண்ண வேண்டும், பண்ணினால் என்ன தெரியும். மூன்றுக்கும் பதில் இல்லாத வரியைத் தாண்டவிட மாட்டார். "தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தேன். தேவை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அரை நாள் அதிலேயே நின்றார். "எளிதாக நிறுவலாம்" என்ற வரியில்தான் பெரிய சண்டை வந்தது.

"உனக்கு சுளுவா இருந்தா அது உன் வூட்டு சமாச்சாரம்" என்றார். "ஓடாம பேஜாராகி குந்திகினு கீறவன் கண்ணுல அத்த காட்டுவியா?"

சண்டை முற்றினால் நான் கீழே இறங்கிப் போய்விடுவேன். கயிற்றுக் கடை வாசலில் நின்று டீ குடித்து, ரோட்டில் போகிற டிரெய்லர்களைத் திட்டிவிட்டு மேலே வருவேன். அக்கா எழுந்திருக்கவே மாட்டார். எந்த வரியில் விட்டோமோ அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த விரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னபடி மாற்றி எழுதிய வரியை மறுபடி கேட்டுச் செய்யும்போது, கை தடுமாறாமல் போகும். அதுவும் பற்றிக்கொண்டு வரும். இதற்கு நடுவே ஒரு நாள் என்னையும் அறியாமல், "அக்கா, உங்க இடது கைப் பக்கம் போர்டுல மேல் ஸ்விட்ச்ச போடுங்க, தலைக்கு மேல ஃபேன் சுத்தும்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போட்டார்.

வேலை நடந்த விதம் இதுதான். எப்படி இருக்க வேண்டும் என்று அக்கா தன் தமிழில் சொல்வார். நான் அதை இங்கிலீஷில் தட்டி, திருப்பிப் படிப்பேன். அவர் தலையாட்டுவார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் விரல் கீபோர்டைத் தொடவே இல்லை.

கெடுவுக்கு முன்னாலேயே பக்கம் போய்ச் சேர்ந்தது. நீக்குவோம் என்று எழுதியவர்களே, மற்ற ப்ளகின்களுக்கும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அதை மாதிரியாக வைத்தார்கள். விளக்கப் பக்கங்களைக் கவனிக்கிற குழுவின் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தார்கள். முதலாளி லட்டு வாங்கி வந்தார், அக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டார். இணையத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். யார்டில் பெட்டி நம்பர் எடுக்கிற முறையையெல்லாம் நான் கண்டுபிடித்தது போல விளக்கினேன். 'நாங்கள்' என்று இரண்டு இடத்தில் சொன்னதாக ஞாபகம்.

இப்படிப் பலர் கூடி எழுதுகிற திட்டங்களில் ஒவ்வொரு திருத்தமும் யார் தட்டினாரோ அவர் பெயரில் பதிவாகும். கூட இருந்தவர் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் திருத்தத்தின் அடியில் ஒரு வரி போட வேண்டும். அவ்வளவுதான். எனக்கு இது முதல் நாளே தெரியும். முடியட்டும் சேர்க்கலாம் என்று இருந்தேன். முடிந்ததும், ஏற்றுக்கொள்ளட்டும் சேர்க்கலாம் என்று இருந்தேன். ஏற்றுக்கொண்ட பிறகு லட்டு வந்துவிட்டது.

யார்டுகளுக்குக் கொடுக்கிற தாள்களையும் அதே முறையில் அக்காவும் நானும் திருத்தியிருந்தோம். அதனால் போன் வருவது குறைந்தது. குறைந்து குறைந்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று ஆனதும், போன் வேலையை இந்த மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அக்காவுக்கு இது இரண்டாவது தடவை. அவர் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில் விளக்கப் பக்கங்கள் எழுதுகிற வேலை. நீங்கள் எழுதியது பொதுவில் எங்காவது இருந்தால் அதன் சுட்டியைத் தரவும் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

"எங்கப்பா காசிமேட்ல மீன் ஏலம் கூவுனவரு" என்றார். "நானு யார்டுல கூவுனேன். எங்க வூட்ல அல்லாரும் கூவுறவங்கதான் நைனா. எய்துற வேல ஒருத்தரும் பாத்ததில்ல."

அவர் எதையும் இப்படி ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. நம் பக்கத்தின் சுட்டியைக் கொடுங்கள், அதைப் பார்த்தால் உங்களை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நான் இருக்கிறேன் என்றேன். அப்போதாவது அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அந்த வாரம் எண்ணூரில் ஒரு யார்டு கேட்டைத் தொடங்கி வைக்க வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

நேர்காணல் முடிந்த மறுநாள் வந்து கேட்டேன். கிடைக்கவில்லை என்றார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே. என்னதான் கேட்டார்கள் என்றேன். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் எந்தப் பகுதி நீங்கள் எழுதியது என்று கேட்டார்களாம்.

"நான் எய்தலன்னு சொன்னேன்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள், ஒவ்வொரு வரியும் உங்களுடையது, உங்கள் வாயிலிருந்து வந்தது, அதைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். அக்கா டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், அவர்கள் சொன்னாயா என்று கேட்கவில்லை, எழுதினாயா என்றுதான் கேட்டார்கள். திருத்தங்களின் பட்டியலைக் காட்டினார்களாம். நூற்றுச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றிலும் என் பெயர். அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். பச்சைப் பெட்டியை நீலம் என்று ஒப்புக்கொள்ளாத மனுஷி, இதில் மட்டும் வேறு எப்படிச் சொல்வார்.

நான் அந்தக் கம்பெனிக்கு மெயில் போடுகிறேன், இப்போதே உங்கள் பெயரைப் பக்கத்தில் போடுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தேன். என் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அவர் மேல்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

"மூடு அத்த" என்றார். "எம் பேரு நான் கூவணும். நீ எய்தணும். எய்தி திருப்பிச் சொல்லணும். இத்தினி நாளு குந்திகினு அதத்தானே பண்ணோம். ஒரு தபா, ஒரே ஒரு தபா, 'அக்கா, உன் பேரு இன்னான்னு போடட்டும்'னு நீ கேக்கலியே நைனா."

"சரி, இப்பக் கேக்குறேன். சொல்லுங்க."

அப்படித்தான் கேட்டேன், கடன்காரனைக் கேட்கிற குரலில். அதே நேரம் போன் அடித்தது. அக்கா எடுத்தார். மணலிப் பக்கத்து யார்டு. தாளை எடுத்து முன்னால் வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியைப் படித்தார். "இன்னா பண்ணே, சொல்லு" என்றார். ஐந்து நிமிஷம் நின்றேன். பிறகு எனக்கென்ன என்று கீழே இறங்கிப் போய்விட்டேன்.

மாதக் கடைசியில் நான் மறுபடி எண்ணூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் மேஜையில் டெலிபோன் ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருந்தார். கொஞ்ச நாள் கழித்து அவர் நம்பருக்கு அடித்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். காசிமேட்டில் தேடிப் போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ப் பார்த்தேன், இல்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'படித்துச் சொன்னவர்:' என்று இங்கிலீஷில் போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி எழுதிய பக்கம் அல்லவா, படிக்கிறவர்கள் ஒரு குறையையும் விடுவதில்லை. கடைசி வரி முடியவில்லை, பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று மாதத்துக்கு ஒருவராவது புகார் பதிவு செய்கிறார்கள். சொன்னதும் எழுதப்படும் என்று பதில் போட்டு அந்தப் புகாரை மூடுகிறேன். போன வாரம் ஒருவர் பொறுமையிழந்து எழுதியிருந்தார், பெயர் உங்களுக்குத் தெரியும்தானே, நீங்களே போட்டுவிட வேண்டியதுதானே என்று.

தெரியும். மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் தெரியாமல் இருக்குமா. கை தானாகப் போய் முதல் எழுத்தைத் தட்டிவிட்டது. இன்னா பண்றே என்று கேட்பார். அழித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவர் இன்னும் சொல்லவில்லை.